ஐந்தாவது தடவை

1949ஆம் வருஷம் டிசம்பர் பதினெட்டாம் தேதி, மாத்தளை கொங்காவலைத் தெருவில் மிளகு வியாபாரி மக்கீனின் வீட்டில் பிறந்த ஆண் குழந்தையின் உடம்பில் சூடு அறவே இல்லை. மற்றபடி குழந்தைக்கு ஒரு குறையும் கிடையாது. அழுதது, காலை உதைத்தது, ஐந்தரை றாத்தல் நிறை இருந்தது. ஆனால் அதைத் துடைத்த மருத்துவிச்சியின் கைத்துணி விறைத்துத் தகரம் மாதிரி நின்றது. கழுவ வாளியில் வைத்திருந்த வெந்நீரில் அரை நிமிஷத்தில் ஐஸ் ஆடை கட்டியது. சோடாக் கடைக்கு ரயிலில் மரத்தூள் மூட்டைக்குள் வரும் ஐஸைத் தவிர வேறு ஐஸைப் பார்த்திராத ஊர் அது. அதனால் முதல் நாள் வந்தவர்கள் எல்லோரும் குழந்தையை விட்டுவிட்டு வாளியைத்தான் பார்த்தார்கள். டாக்டர் வந்து கக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். பாதரசம் குமிழுக்குள் இறங்கியது, பிறகு உள்ளங்கையில் வைத்து எவ்வளவு தேய்த்தும் வெளியே வரவில்லை. கம்பளி போர்த்தச் சொல்லிவிட்டுப் போனார். போர்த்தினார்கள். யுத்தகாலத்து ஆமிக் கம்பளி இரண்டும் பனியில் நனைந்து பாரமானதுதான் மிச்சம். கரிச்சட்டி வைத்தார்கள், கரி அணைந்தது. சாதிக்காய் எண்ணெய் தேய்த்தார்கள், எண்ணெய் தோலின் மேல் மெழுகாக நின்றது. சுட வைத்த பசும்பால் கரண்டியிலேயே கட்டியானது. தாய் மஸீஹா மார்பில் எடுத்து வைத்துப் பால் கொடுத்தபோது மட்டும் குழந்தையின் உதடு சிவந்தது. அந்தச் சிவப்பு மூன்று மணித்தியாலம் இருந்தது.

மஸீஹா மூன்று நாள் பால் கொடுத்தாள். குழந்தைக்குப் போன சூடு எங்கிருந்து போனது என்பதை முதல் நாளே அவள் தெரிந்துகொண்டாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தன் பற்கள் அடித்துக்கொள்வது வெளியே கேட்டுவிடக்கூடாது என்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கொடுத்தாளாம். மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு குழந்தை அவள் மடியில் உதடு சிவந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் மௌத்தானாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள், இறந்த பிறகு அவள் உடம்பு புதிதாகக் குளிரவில்லை என்றும், குளிருவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்றும் சொன்னார்கள். ஊர் அவளைப் பற்றி அதிகம் பேசவில்லை, ஏனென்றால் பேசுவதற்கு நேரம் இல்லை. தொட்டிலில் உதடு மறுபடி நீலமாகத் தொடங்கியிருந்தது.

மக்கீனுக்கு நாச்சியா என்று ஒரு ராத்தா, உடன்பிறந்த மூத்தவள். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு எத்தனை சஹன் தட்டுச் சோறு வேண்டும் என்று கண்ணாலேயே அளந்து சொல்லக்கூடியவள். பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். பிறப்போடு வந்த எதுவும் நாற்பதோடு போய்விடும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். அதைத் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு வார்த்தை யாரிடமும் இல்லாததால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நாற்பதுக்கு முப்பத்தேழு நாள் இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பால் வேண்டும். நாச்சியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தை உள்ள வீடுகளின் வாசலில் போய் நின்றாள். முதலில் வந்தவள் நூருன்னிஸா. அவள் மஸீஹாவின் அண்ணன் ரவூபின் மனைவி, மூன்று மாதக் குழந்தை ஸரீனாவின் தாய். மஸீஹா கர்ப்பமாக இருந்தபோதே, ஆண் பிறந்தால் ஸரீனாவுக்குத்தான் என்று இரண்டு வீடும் பேசி வைத்திருந்தது. நூருன்னிஸா முதல் தடவை கொடுத்துவிட்டு அடுத்த வக்துத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நடுங்கினாள். இரண்டாவதற்கு ஒரு பகல் முழுக்கப் படுத்தாள். மூன்றாவதற்கு உதடு வெளுத்தது. நான்காவதுக்குப் பிறகு ஒரு கிழமை அவளால் உலக்கை பிடிக்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் பள்ளிவாசலில் ஸெய்னுலாப்தீன் லெப்பையிடம் போய்க் கேட்டார்கள். லெப்பை நல்ல மனிதர், கேட்டதற்கு மார்க்கக் கிதாபில் உள்ளதைச் சொன்னார். ஒரு பெண்ணிடம் ஒரு குழந்தை ஐந்து தடவை வயிறாரப் பால் குடித்தால் அவள் அதற்குத் தாய். அவள் பெற்றதெல்லாம் அதற்குச் சகோதரங்கள், கல்யாணம் முடிக்க ஆகாது. நான்கு தடவை வரைக்கும் அந்தக் கட்டு இல்லை. தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து வாழும் ஒரு சின்ன ஊரில் இது லேசான விஷயம் அல்ல. தெருவில் உள்ள அத்தனை பேரும் ஐந்து தடவை கொடுத்துவிட்டால் நாளைக்கு இந்தப் பையன் எந்த வீட்டில் பெண் கேட்பான்? ஆகவே நாலோடு நிற்பது என்று முடிவானது. ஐந்தாவது கொடுத்தால் உடம்பு என்னவாகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மஸீஹாவின் கபுறில் மண் இன்னும் காயவில்லை. ஆனால் அந்தப் பயத்தை ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரவில்லை, சட்டம் அவ்வளவு வாகாக வந்து வாய்த்திருந்தது. அலுவிகாரையிலிருந்து மூன்று சிங்களப் பெண்கள் இரக்கப்பட்டு வந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு இந்தக் கிதாபும் இல்லை, இந்தக் கட்டும் இல்லை. ஆனாலும் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர்களும் நாலோடு எழுந்து போனார்கள். ஒருவரையும் குறை சொல்ல நான் வரவில்லை. நடந்தது இது.

ஊரில் நாற்பத்தொரு பெண்கள், அலுவிகாரையில் மூன்று, உக்குவெலையிலும் வரக்காமுறையிலும் பன்னிரண்டு. ஐம்பத்தாறு பெண்கள் ஆளுக்கு நாலு தடவை கொடுத்தார்கள். முறை பிசகாமல் நாச்சியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டாள். குழந்தைக்கு யஹ்யா என்று பெயர் வைத்து, ஏழாம் நாள் தலைமுடி இறக்கினார்கள். மயிர் கத்தியில் ஒட்டாமல் பனித்தூளாக உதிர்ந்தது. அந்த ஜனவரியில் கொங்காவலைத் தெரு வழியாகப் போனவர்கள் மக்கீனின் வீட்டுக்கு முன்னால் வரும்போது சாரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடப்பது வழக்கமானது. ஓட்டு விளிம்பில் வெள்ளையாகத் தொங்கியதைக் காகங்கள் கொத்திப் பார்த்துவிட்டுப் போயின. முப்பத்தோராம் நாள் மத்தியானம் கடைசிப் பெண்ணும் தன் நாலாவதைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். நாற்பதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மக்கீன் மச்சான் ரவூபின் வீட்டுக்குப் போனான். ரவூப் கதிரையை இழுத்துப் போட்டான், மக்கீன் உட்காரவில்லை.

"மச்சான், நாளைக்கு ஒரு நாளைக்கி மட்டும் நூருன்னிஸாவ அனுப்புங்க. புள்ள நீலமாகிட்டு வருது."

"அஞ்சாவதா மச்சான்?"

"அஞ்சாவதுதான்."

"அப்ப ஸரீனாக்கு அவன் தம்பியாப் போவானே. நாம பேசின பேச்சு என்னாகிறது?"

"மௌத்தான மாப்பிளயோட ஒங்கட மகள் என்ன செய்யப் போறா?" என்றான் மக்கீன்.

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து நூருன்னிஸா அழுதாள். "எனக்கேலா நானா, எனக்குப் பயம். ஏன்ட புள்ளயும் சின்னதுதானே" என்றாள். ஊரிலேயே உண்மையைச் சொன்ன பெண் அவள் ஒருத்திதான். மக்கீன் அதற்குப் பிறகு வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. மிளகு மூட்டை ஏற்றும் லொறியை எடுத்துக்கொண்டு எல்கடுவைக்குப் போனான்.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான மேல் லயத்தில், நாகமுத்து என்று ஒரு தொழிலாளி இருந்தான். நிழல் மரங்களில் ஏறும் மிளகைப் பறித்துக் கொடுக்கிறவன் என்ற வகையில் மக்கீனுக்குப் பழக்கம். அவன் மனைவி வேலம்மாவுக்குப் பிறந்த பெண் குழந்தை ஆறு நாள் இருந்துவிட்டு, கூரைத் தகரத்தின் இடுக்கால் இறங்கிய மார்கழிப் பனியில் செத்துப் போய்ப் பதினைந்து நாளாகியிருந்தது. அதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த லயத்தில் அந்த மாதம் செத்த மூன்றாவது குழந்தை அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து, தோட்டத்து ஆட்கள் யாரும் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் குழந்தையின் பிறப்பையும் இறப்பையும் ஒரே நாளில் பதிந்தார்கள். வேலம்மா மறு கிழமையே மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தாள். மார்பு கட்டிக்கொள்ளும்போதெல்லாம் தேயிலைத் தூருக்குப் பக்கத்தில் குந்தி மண்ணில் பீய்ச்சிவிட்டு வந்தாள். மக்கீன் விஷயத்தைச் சொன்னபோது நாகமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "அவளையே கேட்டுக்குங்க நானா" என்றான்.

"குடுத்தா செத்துருவேனா?" என்று வேலம்மா கேட்டாள்.

மக்கீன் பொய் சொல்லக்கூடிய வியாபாரிதான், ஆனால் அன்றைக்கு முடியவில்லை. "ஏன்ட பொஞ்சாதி அதுலதான் மௌத்தானா. மத்தவங்க நாலோட நிப்பாட்டிட்டாங்க. அதுக்கு மேல என்னாகுமெண்டு ஒத்தருக்கும் தெரியா தங்கச்சி."

"புள்ள பொழைக்குமா?"

"பால் இருந்தா பொழைக்கும்."

வேலம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினாள். அவர்கள் மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைக்குப் பால் கொடுத்து ஐந்து மணித்தியாலம் ஆகியிருந்தது. தொட்டில் கயிறு வெள்ளையாகி, அறைச் சுவரில் பனி ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. நாச்சியா தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சாகப்போகிறவர்களுக்கு ஓதும் யாஸீனை ஓதத் தொடங்கியிருந்தாள். வேலம்மா அவளைத் தோளால் தள்ளிவிட்டுக் குழந்தையை எடுத்தாள். வாயில் வைத்தும் அது உறிஞ்சவில்லை. அவள் பீய்ச்சி உதட்டில் விட்டாள், உறைந்தது. இன்னும் விட்டாள், உறைந்தது. மூன்றாவது தடவை உள்ளே போனது. "குடி சாமி. குடி. ஒனக்குத்தான் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இது தன் குழந்தைக்குச் சொன்னதா இந்தக் குழந்தைக்குச் சொன்னதா என்று நாச்சியாவுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்று அழுதாள், அவ்வளவுதான்.

நாலு தடவை அரை நாளில் முடிந்துவிட்டது. ஐந்தாவதுக்கு முன்னால் லெப்பை தானாகவே வந்தார். வாசலில் நின்று, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சொல்ல வேண்டியது தன் கடமை என்று சொன்னார். "மகள், இதோட நீங்க இந்தப் புள்ளைக்கு உம்மா. பொறகு இல்லையெண்டு விலக ஏலாது. நல்லா யோசிச்சுக்கங்க."

"விலகுறதுக்கா லொறி ஏறி வந்தேன்?" என்றாள் வேலம்மா. "நகருங்கய்யா, புள்ள மொகம் தெரியல."

லெப்பை நகர்ந்தார். அவள் எழுபத்திரண்டு தடவை கொடுத்தாள். ஐந்தாவதில் அவள் விரல் நகங்கள் நீலமாயின. பத்தாவதில் காதோரத்து மயிரில் பனி கட்டியது. பிறகு நடுக்கம் நின்றுபோனது, அதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். நாச்சியா கறுவாப்பட்டையும் மிளகும் இஞ்சியும் கொதிக்க வைத்து அவள் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மாத்தளையில் இதற்குப் பஞ்சம் இல்லை. அவள் குடித்த கஷாயம் தொண்டையில் இறங்கும்போதே ஆறியது. முப்பத்தைந்தாம் நாள் தோட்டத்தில் அவள் பெயரை வெட்டிவிட்டதாக நாகமுத்து வந்து சொன்னான். சொல்லிவிட்டு அவள் கையைத் தொட்டுப் பார்த்தவன், கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஐம்பத்தாறு பெண்களில் பாதிப்பேர் அந்த நாட்களில் ஆணமும் சோறும் சமைத்து அனுப்பினார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

நாற்பதாம் நாள் லுஹர் தொழுகைக்குச் சற்று முன்னால் யஹ்யாவின் மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி வந்தது. நாச்சியா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. அரை மணிக்குள் சுவர்கள் ஒழுகத் தொடங்கி, தெரு முழுக்கத் தண்ணீர் ஓடியது. குழந்தை எல்லாக் குழந்தைகளையும் போல மூத்திரத்தாலும் சூட்டாலும் நாறியது. வேலம்மா மட்டும் இளகவில்லை. அவள் சாகவில்லை, பேசினாள், சாப்பிட்டாள், நடந்தாள். ஆனால் போன சூடு அவளுக்குத் திரும்ப வரவேயில்லை. மருத்துவிச்சியைக் கேட்டார்கள். நாற்பது பிள்ளைக்குத்தான், தாய்க்கு எத்தனையோ தனக்குத் தெரியாது என்றாள். வேலம்மா குழந்தையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, நாகமுத்துவோடு லொறியில் ஏறி எல்கடுவைக்குப் போனாள்.

தோட்டத்தில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. சேர்த்த பிறகு கங்காணிக்கு மகிழ்ச்சிதான். கூடையில் நெரிந்து கிடக்கும் கொழுந்து மத்தியானத்துக்குள் சூடேறிச் சிவந்துபோவது வழக்கம், அவள் கூடையில் மட்டும் சாயங்காலம் வரை கொழுந்து அப்போதுதான் கிள்ளினது மாதிரி இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைகளை அவள் மடியில் கொண்டுவந்து கிடத்துவார்கள். அவளுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. யஹ்யா ஐந்து வயதிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை உக்குவெலை வழியாக எல்கடுவைக்குப் போய் வந்தான், முதலில் வாப்பாவோடு, பிறகு தனியாக. அவளை அவன் அம்மா என்று கூப்பிட்டான். அவன் கையைப் பிடித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் அவள் விரல்களுக்கு நிறம் வந்தது, விட்டால் போய்விடும். அதனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் அவன் அங்கேயே தங்கி, லயத்து வாசலில் அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லயத்தார் அவர்களைத் தாண்டித் தண்ணீர்க் குழாய்க்குப் போய் வந்தார்கள்.

யஹ்யாவுக்கு இருபத்தொரு வயதானபோது நாச்சியா பெண் கேட்கப் புறப்பட்டாள். ரவூபின் வீட்டில் ஸரீனாவைக் கலேவெலையில் ஒரு கடைக்காரருக்கு நிச்சயம் செய்தாகிவிட்டது என்றார்கள். மற்ற வீடுகளில் அவ்வளவு மரியாதையாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குளிர் பரம்பரையில் வந்தால் என் மகள் வயிற்றில் அல்லவா பிறக்கும் என்றார்கள். நாலு தடவை கொடுத்த நாற்பத்தொரு வீடுகளில் ஒரு வீடும் பெண் தரவில்லை. "நாலோட நிப்பாட்டினது எதுக்கு? மருமகனாக்கத்தானே? இவன மருமகனாக்கவும் மாட்டீங்க, மகனாக்கவும் மாட்டீங்க. அப்ப என்னத்துக்குடி நான் வாசல்ல நிண்டு எண்ணினேன்?" என்று நாச்சியா நடுத்தெருவில் நின்று கத்தினாள். அவள் ஜன்னல்களைப் பார்த்துக் கத்தினாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அந்த வருஷமே அவள் மௌத்தானாள்.

இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் கூடித் தோட்டத்து ஆட்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டது 1964இல். நாகமுத்து, ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று இந்தியாவுக்குப் போக எழுதிப் போட்டிருந்தான். எழுதிய ஆள் செத்து நாலு வருஷம் கழித்து, 1972 கடைசியில், அவன் மனைவிக்குப் புறப்படச் சொல்லிக் கடுதாசி வந்தது. வேலம்மாவுக்கு அங்கே யாரையும் தெரியாது. நிரப்ப வேண்டிய பாரத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் அவள் யஹ்யாவின் பெயரைச் சொன்னாள், தோட்டத்துக் கிளார்க் சிரித்துவிட்டு ஒரு கோடு போட்டார். யஹ்யா, கிழவராகிவிட்ட லெப்பையிடம் போய், இவள் இவனுக்குத் தாய், எழுபத்திரண்டு தடவை பால் கொடுத்தவள் என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கடிதம் வாங்கினான். அதை எடுத்துக்கொண்டு மாத்தளையிலும் கண்டியிலும் ஏழு மேசைகளுக்குப் போனான். எல்லோரும் படித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் பால் கொடுத்ததற்கு எந்தப் பாரத்திலும் இடம் இல்லை என்றார்கள். எந்த மாசத்தில் போகிறாள் என்பதையாவது மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான், அதற்கும் இடம் இல்லை. லயத்தில் எல்லோரும் அங்கே வெயில்தானே, அம்மாவுக்கு நல்லதுதானே என்று ஆறுதல் சொன்னார்கள். லயத்தில் அவள் இருந்த காம்பராவை அடுத்த கிழமையே வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று.

1973 ஜனவரியில் மாத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள். இந்தியக் கப்பல் புறப்படும் தலைமன்னார் வரை யஹ்யா கூடப் போனான். மதவாச்சி தாண்டி வெயில் ஏறியதும் அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேலம்மாவின் பக்கத்தில் வந்து சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி தன் பிள்ளையை அவள் மடியில் தூங்க வைத்தாள். இறங்குதுறையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு மேசை, மேசையில் மைப்பெட்டி. வேலம்மாவின் பெருவிரலை அதிகாரி மையில் வைத்து அழுத்திக் காகிதத்தில் ஒற்றினார். மை விரலிலேயே உறைந்து உதிர்ந்தது, காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடி வைத்தார், விழவில்லை. மூன்று பாரம் வீணாயிற்று.

"ரேகை விழாட்டிக் கப்பல்ல ஏத்த ஏலாது" என்றார் அதிகாரி. "திரும்பிப் போறதுக்கும் இவங்கட்ட அனுமதித் துண்டு இல்ல. பேரு வெட்டியாச்சு. இந்தக் கொட்டகையிலதான் கெடக்க வேணும்."

யஹ்யா அவரைப் பார்த்தான், கொட்டகையைப் பார்த்தான், அங்கே தரையில் படுத்திருந்தவர்களைப் பார்த்தான். அவன் கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவின் கையைப் பிடிக்க அவனுக்கு மனமில்லை.

"புடிப்பா" என்றாள் வேலம்மா. "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவன் அவளுடைய பெருவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். விரல் மெதுவாகச் சிவந்தது. அதிகாரி அதை மையில் வைத்து அழுத்திக் காகிதத்தில் ஒற்றினார். ரேகை தெளிவாக விழுந்தது. அவர் காகிதத்தை ஊதிக் காயவைத்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.